அராலி மதகில் ஒரு பொய்ப்பூச்சி

அன்பு மகனுக்கு,

ரஞ்சினியைக் கலியாணம் செய்ய விருப்பம் என்று புரட்டாதியில் எழுதிக் கேட்டாய். நீ வேலை செய்கிற மீன் தொழிற்சாலையில்தான் அந்தப் பிள்ளையும் வேலை செய்கிறது என்றும், அவளுடைய தகப்பன் இங்கே அராலிக் கரையில் மீன் பிடிக்கிறவர் என்றும் ஒன்றும் மறைக்காமல் எழுதியிருந்தாய். நான் இரண்டே வரியில் பதில் போட்டேன். "கடற்கரைச் சம்பந்தம் எங்கள் குடும்பத்துக்குச் சரிவராது. வேறு பேச்சு வேண்டாம்." அந்தத் தாளை இன்னும் வைத்திருக்கிறாயானால் அடுப்பில் போடு. நோர்வே அடுப்பில் நெருப்பே தெரியாது என்று முன்னொரு கடிதத்தில் எழுதியிருந்தாய். அப்படியென்றால் கிழித்து ஆற்றில் போடலாம், ஆனால் ஆறும் இப்போது பனிக்கட்டியாய்க் கிடக்கும். சரி, குப்பையில் போடு. எங்கே போட்டாலும் போடு, திரும்ப எடுத்து வாசிக்காதே.

அதற்குப் பிறகு நாலு மாதமாய் உன் கடிதம் இல்லை. நீ கோபித்தது நியாயம். இந்தக் கடிதம் உனக்கு என் சரியான பதில். பதில் என்னவென்று கடைசித் தாளைத் திருப்பிப் பார்க்க வேண்டாம், ஒழுங்காய் முதலிலிருந்து வாசி. நான் கடைக்காரன். சரக்கைக் காட்டாமல் விலை சொல்லிப் பழக்கமில்லை.

மலை நாட்டில் எனக்கு மீன்பிடி எப்படித் தொற்றியது என்று உனக்கு அரைகுறையாய்த்தான் தெரியும். சண்டிலிப்பாயில் நாங்கள் சுத்த சைவம். என் சட்டி பானையில் மீன் வாசம் பட்டதில்லை. நுவரெலியாக் கடையில் சுருட்டும் பலசரக்கும் விற்றுக்கொண்டிருந்தேன். சுருட்டு வாங்க ஒரு பறங்கித் துரை வருவார், தேயிலைத் தோட்டத்தில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். தோட்டத்துத் தமிழ் நன்றாய்க் கதைப்பார். மழை நாளொன்றில் சுருட்டுக் கட்டை அவருடைய காரில் கொண்டுபோய் வைத்தபோது, பின் ஆசனத்தில் தூண்டில் தடியைக் கண்டு என்னவென்று கேட்டேன். "வா முதலாளி, காட்டுறேன்" என்று ஆற்றுக்கே கூட்டிக்கொண்டு போய்விட்டார். எண்பத்திரண்டு ஆடியில் அப்படித் தொடங்கியது, எண்பத்து மூன்று ஆடியில் முடிந்தது. சரியாய் ஒரு வருடம்.

அந்த மீனுக்கு ட்ரவுட் என்று பெயர். வெள்ளைக்காரன் கொண்டுவந்து குளிர்ந்த மலையாற்றில் விட்டது. புழு கொடுத்துப் பிடிப்பதைத் துரை கேவலம் என்பார். தூண்டில் முள்ளில் சேவல் இறகும் நூலும் சுற்றி, பறக்கிற பூச்சி மாதிரிச் செய்து, தண்ணீரின் மேல் மிதக்க விட வேண்டும். நான் அதற்குப் பொய்ப்பூச்சி என்று பெயர் வைத்தேன். பொய் சொல்லி ஏமாற்றுவது ஒரு வித்தை என்றதும் வியாபாரியான எனக்குப் பிடித்துப்போனது. ஆனால் மீன் என்னைவிடக் கெட்டிக்காரன். ஆடி ஆவணியில் மழைத் தண்ணீர் தேநீர் நிறத்தில் வரும். பெரிய பூச்சி போட வேண்டும், நான் சின்னதைப் போட்டேன். ஐப்பசியில் மத்தியானம் கழிந்தால் மழை. காலையிலேயே போக வேண்டும், நான் கடை பூட்டிவிட்டுப் போனேன். மார்கழிக் குளிரில் மீன் முட்டை போடும். துரை அந்த நாட்களில் தடியைத் தொடவே மாட்டார், நான் ஒளித்துப் போய்ச் சளி பிடித்துக்கொண்டு வந்தேன். தையிலிருந்து சித்திரை வரைக்கும் தண்ணீர் கண்ணாடி. அப்போது ட்ரவுட் நீர் வருகிற திசையைப் பார்த்து ஆடாமல் நிற்கும். உன் நிழல் விழுந்தால் போதும், காணாமல் போய்விடும். துரை தவழ்ந்து போவார். நான் வெள்ளை வேட்டியோடு கரையில் நின்றேன். அந்த வருடம் முழுக்க நான் பிடித்த மீன் மூன்று. அதில் ஒன்று துரை பிடித்து என் கையில் தந்தது.

ஒரு நாள் குளிரில் என் பல்லு அடித்துக்கொண்டது. துரை தன் பிளாஸ்கின் மூடியில் தேநீர் ஊற்றி, தான் ஒரு மிடறு குடித்துவிட்டு, மிச்சத்தை என்னிடம் நீட்டினார். நானும் குடித்தேன். அந்த ஒரு மூடித் தேநீரைப் பிறகு எத்தனை இடத்தில் சொல்லியிருப்பேன் என்று உனக்கே தெரியும். கலியாண வீட்டிலும் சொன்னேன், செத்த வீட்டிலும் சொன்னேன். "துரை குடிச்ச கோப்பையிலை எனக்குத் தந்தவர்" என்று நான் தொடங்கினால் நீ எழும்பிப் போய்விடுவாய். இதை நினைவில் வைத்துக்கொள், பின்னால் தேவைப்படும்.

ஆடியில் கலவரம் வந்து கடை எரிந்தது. எரியும்போது நான் ஆற்றில் நின்றேன். வழக்கம்போல் ஒன்றும் பிடிபடாததால் இன்னும் ஒரு மணித்தியாலம் நிற்போம் என்று நின்றேன். நல்ல மீன்பிடிகாரனாய் இருந்திருந்தால் வேளைக்கே கடைக்குத் திரும்பியிருப்பேன், இந்தக் கடிதம் எழுத ஆள் இருந்திருக்காது. துரை என்னைக் காரின் பின் ஆசனத்தில் படுக்க வைத்து, மேலே நனைந்த கோட்டையும் தடிகளையும் போட்டு மூடி, மலை இறக்கிக் கொண்டுவந்து விட்டார். சட்டைப் பையில் இருந்த பூச்சித் தகரப்பெட்டி ஒன்றுதான் எனக்கு மிஞ்சிய கடை.

ஊருக்கு வந்து நான் கூரை மோட்டைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்ததை நீ கண்டிருக்கிறாய். எழுப்பி விட்டவள் உன் அம்மா. உடுவிலில் மிசன் பள்ளிக்கூடத்தில் லேஸ் பின்னப் பழகிய கை. தகரப்பெட்டியைத் திறந்து ஒரு பூச்சியை எடுத்து, நூலை ஒவ்வொரு சுற்றாய்ப் பிரித்துப் பார்த்தாள். பிறகு திரும்பக் கட்டினாள். எது பழையது, எது அவள் கட்டியது என்று எனக்குத் தெரியவில்லை. அந்த நேரம் துரையும் எழுதியிருந்தார், கடைகளில் நல்ல பூச்சி கிடைப்பதில்லை என்று. எனக்கு உடனே மூளை வேலை செய்யத் தொடங்கியது. பட்டினத்தில் முள் வாங்கினேன், ஊரெல்லாம் சேவல் தேடினேன். மிதக்கிறதா என்று சோதிக்க ஓடுகிற தண்ணீர் வேண்டுமே. பக்கத்துத் தோட்டத்தில் பம்பு இறைக்கும்போது வாய்க்காலில் பூச்சியை விட்டு, அதற்குப் பின்னால் குனிந்துகொண்டே நடந்தேன். தோட்டக்காரர் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தார்.

"என்ன அண்ணை, என்ரை வெங்காயத்துக்கை மீன் நிக்குதோ?"

"மீன் இல்லையடாப்பா. பூச்சி மிதக்குதோ எண்டு பாக்கிறன்."

"நல்ல ஆள். நான் காசு குடுத்துப் பூச்சிக்கு மருந்தடிக்கிறன், நீங்கள் கொண்டுவந்து விடுறியள்."

அந்தப் பூச்சிகளைத் துரைக்கு அனுப்பும்போது ஒரு பொய் எழுதினேன். கொழும்பில் ஒரு பழைய கடையில் கிடந்த சீமைச் சரக்கு என்றேன். வீட்டில் பெண்சாதி கட்டியது என்றால் மதிப்புக் குறையும் என்று என் கணக்கு. துரை இங்கிலீசில் பதில் போட்டார். உன் அம்மாதான் வாசித்துச் சொன்னாள். "முதலாளி, சீமைப் பூச்சி ஒரு மீனுக்கு மேல் தாங்காது. இது ஏழு மீன் கடித்தும் பிரியவில்லை. கட்டிய கை எதுவோ அதற்கு என் வணக்கத்தைச் சொல். உன்னை நல்ல வியாபாரி என்று நினைத்திருந்தேன். நல்ல சரக்குக்குப் பொய்ப் பெயர் வைத்து விற்கிறாயே." வாசித்து முடித்து, கடிதத்தை மடித்து என் கையில் தந்துவிட்டு, அவள் நூல் பெட்டியை மூடி வைத்தாள். துரை தானாகவே விலையைக் கூட்டினார். இப்போது சந்தியில் இருக்கிற கடைக்குப் போட்ட முதல் அந்தப் பூச்சிகளின் காசுதான். இதை நான் இதுவரை உனக்குச் சொன்னதில்லை. என் கெட்டித்தனத்தால் மீண்டெழுந்தேன் என்றுதான் சொல்லியிருக்கிறேன்.

பிறகு நீ வெளிக்கிட்டுப் போனாய். போய் இரண்டாம் வருடம், மலையாற்றில் ட்ரவுட் பிடிக்கிறார்கள் அப்பா என்று எழுதினாய். அந்தக் கடிதத்தை நான் கடையில் வருகிற ஆட்களுக்கெல்லாம் வாசித்துக் காட்டினேன். அதிலிருந்து நீ வெறும் முள்ளைக் கடிதத்துக்குள் வைத்து அனுப்புவாய், அம்மா அதற்கு உடுப்புப் போட்டுத் திருப்பி அனுப்புவாள். உங்கள் ஊர்க் காலங்கள் எல்லாம் எங்களுக்கு அந்த முள்ளோடுதான் தெரிய வந்தன. ஆனியில் பனி உருகி ஆறு இரைந்துகொண்டு வருவது, ஆடியில் சூரியன் படுக்கப் போகாமல் நிற்பது, புரட்டாதியில் மரமெல்லாம் மஞ்சளாகி மீன் மேலே ஏறுவது, அதன்பின் ஆறு மாதம் பனிக்கட்டியில் துளை போட்டு அதன் பக்கத்தில் மரவாங்கு போட்டுக் குந்தியிருப்பது. சின்ன மீனைத் திரும்ப ஆற்றில் விட்டுவிடுவோம் என்று நீ எழுதியதைக் கேட்டு அம்மா அன்று விளக்கு ஏற்றினாள். இந்தச் சண்டைக்குள்ளே இங்கே மின்சாரம் இல்லை, மண்ணெண்ணெய் இல்லை, சவர்க்காரம் இல்லை. சேவல் மட்டும் குறையில்லாமல் கூவுகிறது என்று சொல்லிச் சிரிப்பாள்.

இப்படி இருந்த வீட்டிலிருந்துதான் அந்த இரண்டு வரியும் உனக்கு வந்தது. அம்மாவிடம் கேட்காமல் எழுதித் தபாலில் போட்டேன். உன் கடிதம் நின்று போனதும் அவளுக்கு விசயம் பிடிபட்டது. கார்த்திகையில் ஒரு மத்தியானம் நான் சாப்பிடக் குந்தினால், சாப்பாட்டுக் கோப்பையில் சோறில்லை. பூச்சித் தகரப்பெட்டி இருக்கிறது.

"இஞ்சருங்கோ, ஒரு ஞாயம் கேக்கிறன். மலையிலை துரையோடை நிண்டு நீங்கள் மீன் பிடிச்சால் அது பெருமை. அராலியிலை அந்த மனுசன் பிள்ளையளுக்காகப் பிடிச்சால் அது குறைவோ?"

"உது வேறை கதை."

"என்ன வேறை? உங்களுக்கு ஒண்டும் பிடிபடேல்லை, அவருக்குப் பிடிபடுது. அவ்வளவுதானே வேறை?"

நான் பெட்டியை மூடி அவள் கையில் கொடுத்தேன். பொங்கல் கழிந்த மூன்றாம் நாள் சைக்கிளை எடுத்தேன். சம்மதிக்கப் போகவில்லை மகனே, உன்னிடம் பொய் சொல்வானேன். பாராத சரக்கை மறுக்கக் கூடாது என்று ஒரு கொள்கை, அதற்காகப் போனேன். போய்ப் பார்த்துவிட்டு, பார்த்தேன் சரிவராது என்று உனக்கு மூன்றாவது வரி எழுதலாம் என்பது திட்டம்.

ரஞ்சினியின் தகப்பன் பூவரச மரத்துக்குக் கீழே கிழிந்த வலை பொத்திக்கொண்டிருந்தார். என்னை ஆரென்று சொல்லாமல், கருவாட்டு வியாபாரி என்று சொல்லிக்கொண்டு குந்தினேன்.

"மொத்தமாய் எடுக்கலாமோ எண்டு பாக்க வந்தனான்."

"எடுக்கலாம் ஐயா. என்ன கருவாடு?"

"நல்லதாய்ப் பாத்து."

"நல்லது எண்டு எங்கடை கடலிலை ஒரு மீன் இல்லையே ஐயா."

அரை மணித்தியாலம் அந்த மனுசன் என்னைப் போட்டு வாட்டினார். பாரைக் கருவாடா, திரளிக் கருவாடா, முள்ளோடா, முள்ளில்லாமலா, உப்புக் கூடவா, குறையவா. நான் ஒன்றுக்கும் விலை தெரியாமல் எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். கடைசியில் வலை ஊசியைக் கீழே வைத்தார்.

"எல்லாம் சரி சம்மந்தி, சண்டிலிப்பாயிலை உங்கடை வீட்டிலை கருவாடு தின்னுறது ஆர்?"

உன் படம் அவர்களிடம் இருக்கிறதாம். சைக்கிளில் வரும்போதே மூக்கைக் கண்டு பிடித்துவிட்டாராம். எனக்கு வெட்கம் ஒரு பக்கம், சிரிப்பு ஒரு பக்கம். சிரிப்புத்தான் முதலில் வந்தது.

அப்போது ரஞ்சினியின் தாய் வந்து, ஒரு முழு இளநீரையும் கத்தியையும் என் பக்கத்தில் வைத்துவிட்டுத் தள்ளி நின்றா. நீ அங்கே போய்க் கன வருடம், உனக்கு இது நினைவிருக்குமோ தெரியாது. எங்கள் ஆட்கள் அவர்கள் வீட்டுக்குப் போனால் அவர்கள் பாத்திரத்தில் குடிக்க மாட்டோம் என்பது அவர்களுக்குத் தெரியும். அதனால் எங்களைச் சங்கடப்படுத்தாமல் இளநீர் வைப்பார்கள், இல்லையென்றால் மூடி உடைக்காத சோடா. வெயிலில் ஒன்பது மைல் உழக்கியவன் போல எனக்குத் தாகம். கத்தியைக் கையில் எடுத்தேன். அந்த நேரம் பார்த்து மலையாற்றங்கரையும் பிளாஸ்க் மூடியும் என் கண்ணுக்கு முன் வந்து நின்றன. ஒரு மூடித் தேநீரைப் பத்துப் பன்னிரண்டு வருடமாய் ஊருக்கெல்லாம் சொல்லித் திரிந்தவன் நான். ஒருவன் தன் கோப்பையைத் தருவதன் பெறுமதி எனக்குத் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. கத்தியைக் கீழே வைத்தேன்.

"தங்கச்சி, இளநி எனக்குக் குளிர். தேத்தண்ணி இருந்தால் தாங்கோ."

அவ புருசனைப் பார்த்தா, அவர் என்னைப் பார்த்தார். பிறகு உள்ளே கோப்பை கழுவுகிற சத்தம் கேட்டது. தேநீரும் உள்ளங்கையில் கடிக்கப் பனங்கட்டியும் வந்தன. சாயம் கொஞ்சம் கூட. அதைக் குறை சொல்லிவிட்டு இரண்டாம் கோப்பையும் கேட்டேன்.

எழும்பும்போது பைக்குள் எதுவோ கிலுங்கியது. உன் அம்மா தகரப்பெட்டியைப் போட்டு விட்டிருக்கிறாள். சம்மந்தி திறந்து பார்த்து, ஒவ்வொன்றாய் வெளிச்சத்தில் பிடித்து, "இறகை மீன் தின்னுமோ?" என்றார். தின்னும் என்றேன். காட்டுங்கோ என்றார். இருவரும் மதகுக்குப் போனோம். எங்கள் குடாநாட்டில் ஆறு என்று சொல்ல வழுக்கியாறு ஒன்றுதான், அதுவும் மாரியில் மட்டும் ஓடும். சண்டிலிப்பாய் வயலுக்குள்ளால் போய் அராலியில்தான் கடலில் விழுகிறது. இத்தனை வருடம் அது எங்கே போய் விழுகிறது என்று நான் பின்னால் போய்ப் பார்த்ததில்லை.

"உங்கடை வெங்காயச் சருகு, புகையிலைக் காம்பு எல்லாம் மாரியிலை என்ரை வலைக்குத்தான் வருது சம்மந்தி. இருவது வருசமாய் உங்கடை ஊரைக் கூட்டி அள்ளுறன்."

அந்த மதகில் தண்ணீர் இன்னும் கொஞ்சம் ஓடிக்கொண்டிருந்தது. அவர் மெல்லிய நைலோன் தங்கூசி நூல் ஒன்றில் பூச்சியைக் கட்டித் தந்தார். "ஓடுற தண்ணியைப் பாத்துக்கொண்டு கீழை நிக்கும், வாறதைப் பிடிக்க" என்று இடத்தைக் கைகாட்டினார். துரை சொன்ன அதே சொல். என் நிழல் விழாமல் குனிந்து, பூச்சியை ஓட்டத்தோடு விட்டேன். மிதந்து போனது, சுழியில் ஒரு தரம் சுற்றியது. அடுத்த கணம் தண்ணீர் வெடித்தது. கொடுவா. மலையில் நான் கண்ட எல்லா மீனையும் கூட்டினாலும் அந்தப் பருமன் வராது. "விடுங்கோ, இழுக்காதையுங்கோ, ஓட விடுங்கோ" என்று அவர் சொல்லச் சொல்ல நான் இழுத்தேன். பிறந்ததிலிருந்து எதையும் அவசரப்பட்டு இழுத்துத்தானே பழக்கம். நூல் அறுந்தது. பூச்சியோடு மீன் போய்விட்டது. நான் இடுப்பளவு சேற்றில் இருந்தேன்.

சம்மந்தி என்னைத் தூக்கி விடவில்லை. மதகுக் கட்டில் சாய்ந்து நின்று, கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தார்.

"சம்மந்தி, உங்கடை மனுசியின்ரை கைவேலை இப்ப என்ரை கடலுக்கை நிக்குது. உறவு வேண்டாமெண்டால் முதல் போய் அதைப் பிடிச்சுக்கொண்டு வாங்கோ."

அதற்குப் பிறகு மறுக்க என்னிடம் என்ன இருக்கிறது? அவருடைய சாரத்தை உடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். உன் அம்மா வாசலில் நின்று மேலும் கீழும் பார்த்தாள். உள்ளே போய்ச் சோறு போட்டாள்.

ஊர் கதைக்கும். நாலு பேர் கலியாணப் பேச்சுக்கு முகத்தைத் திருப்புவார்கள். திருப்பட்டும். இந்தத் தட்டுப்பாட்டில் சந்தியில் சீனி என் கடையில்தான் இருக்கிறது, திருப்பிய முகம் வெள்ளிக்கிழமைக்குள் திரும்பி வரும். நீயும் அங்கே யாராவது பெண்ணின் தகப்பன் என்ன செய்கிறார் என்று கேட்டால், கடல் உணவு வியாபாரம் அது இது என்று பூசி மெழுகாதே. மீன் பிடிக்கிறவர் என்று சொல். நல்ல சரக்குக்குப் பொய்ப் பெயர் வைத்து நான் ஒரு தரம் பட்டது போதும். ரஞ்சினி ஏதாவது சொன்னால் உடனே இழுக்காதே, கொஞ்சம் ஓட விட்டுப் பார். தண்ணீர் கலங்கியிருக்கிற நாளில் கரையில் குந்தியிரு. எனக்குத் தெரிந்த புத்தி இவ்வளவுதான். நான் ஒன்றையும் கடைப்பிடிக்கவில்லை என்று அம்மா பக்கத்தில் நின்று சொல்கிறாள். அதையும் எழுதச் சொல்கிறாள், எழுதிவிட்டேன்.

இதற்குள் ஒரு பூச்சி வைத்திருக்கிறேன். முள் நீ முந்தி அனுப்பியதில் மிஞ்சியது. இறகு ரஞ்சினி வீட்டுச் சிவத்த சேவலின் கழுத்து இறகு, சம்மந்தி தாளில் சுற்றிக் கொண்டுவந்து தந்தார். நூல் அம்மாவின் கூறைச்சேலை ஓரத்தில் உருவியது. என் பங்கு எங்கே என்று கேட்காதே, முத்திரை என் காசு. ஆனியில் பனி உருகும் என்றும், கலியாணத்தை அந்த மாதத்தில் வைக்க எண்ணம் என்றும் எழுதியிருந்தாய். அப்படியே வை. ஆறு ஓடத் தொடங்கிய முதல் நாள் இந்தப் பூச்சியைப் போட்டுப் பார். மீன் கடித்தால் எழுது. கடிக்காவிட்டால் எழுத வேண்டாம், கலியாணப் படத்தை அனுப்பு. இரண்டு பிரதி அனுப்பு. அராலிக்கு உரியதை நானே சைக்கிளில் கொண்டுபோய்க் கொடுப்பேன். தேத்தண்ணி நேரம் பார்த்துத்தான் போவேன்.

உன் அப்பா